தங்கையின் கல்யாணத்துக்கு முன் ஒரு தாள்

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக முந்தின நாளிலிருந்தே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டை ஒரு பக்கமாக மென்றேன். கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகும் மகளும் இருக்கும் ஒருத்திக்குப் பட்டப்பகலில் டவுனுக்குப் போய்வர ஒரு பல்வலி தேவைப்பட்டது. அதை நினைத்து பஸ்ஸில் சிரிப்பு வந்தது. வக்கீல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

ஏன் போனேன் என்பதைச் சொல்ல என் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். அப்பாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் நிலம். நாங்கள் இரண்டு பெண்கள்; நான் மூத்தவள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, திருவண்ணாமலையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பேன். பிறகு ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அந்தச் சின்ன வெளிச்ச வட்டத்தில் கண்ணை வைத்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. குழந்தைகள் அழுவதற்குள் ஊசியை எடுத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. 'அந்தப் பொண்ணு இருக்குதா?' என்று போனில் கேட்டுவிட்டு வருகிறவர்கள்கூட உண்டு.

வரன் அடி அண்ணாமலையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஒரே பிள்ளை. கிரிவலப் பாதையை ஒட்டிச் சொந்த வீடு. வீட்டின் முன்பக்கத்தில் டீ, டிபன், தண்ணீர் பாட்டில் விற்கிற கடை. கடையை மாமனாரும் மாமியாரும் பார்த்துக்கொண்டார்கள். நிச்சயதார்த்தத்தன்று, தட்டு மாற்றுவதற்கு முன், என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"பொண்ணு வேலைக்குப் போய்க்கிட்டு இருக்குது. கல்யாணத்துக்கு அப்புறமும் போகணும்னு ஆசைப்படுது. அதுக்கு நீங்க சம்மதிக்கணும்."

"இதுல சம்மதிக்க இன்னா இருக்குது சம்பந்தி?" என்றார் மாமனார். "படிச்ச பொண்ணு, தாராளமா போகட்டும். எங்களுக்கு மருமவதான் வேணும், கடைக்கு ஆளு வேணாம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் தலையைக் குனிந்தபடியே சிரித்தேன். அத்தனை பேர் காதில் விழ ஒரு பெரிய மனிதர் சொன்ன சொல். அதை எழுதி வாங்கிக்கொள் என்று அன்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அவருக்குப் புத்தி சரியில்லை என்றுதான் நினைத்திருப்பேன்.

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையில் கடை வேலைக்கு நடுவே என் டிபன் டப்பாவை அவரே கட்டி வைத்து, "பஸ்ஸு வருது, ஓடு ஓடு" என்பார். அடுத்த வருஷம், பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு மாமியார் என்னைக் கூப்பிட்டார். "ஒரு ரெண்டு மாசம் லீவு சொல்லும்மா. என்னால ஒண்டியா முடியாது." அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன். இரண்டு மாதம் முடிவதற்குள் நான் உண்டாகியிருந்தேன். லேபில் வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, ஒருநாள் மாமியார் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அத்த, திரும்ப வேலைக்குப் போலாம்னு பாக்கறேன். நிச்சயத்துல மாமா சொன்னாரு இல்ல?"

அவர் கை நிற்கவில்லை. "அவரு சொன்னாரு. அவரு போயிட்டாரு. கடைய யாரு பாப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. மாவில் உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். கடையை யார் பார்ப்பார்கள் என்பது நியாயமான கேள்விதானே.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் சபையில பேச்சுக்குச் சொல்றதும்மா" என்றார். "அம்மாவால ஒண்டியா முடியுமா, நீயே சொல்லு."

அவர் நல்லவர். குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை. எனக்குத் தலைவலி என்றால் மாத்திரையும் வெந்நீரும் எடுத்து வந்து நிற்பார். அதுவே எனக்குப் பெரிய பூட்டாகிவிட்டது. அடிக்கிற புருஷனாக இருந்தால் அம்மா வீட்டுக்குப் போய் அழலாம். சொந்த வீட்டில், நல்ல மனிதரோடு, தொந்தரவு இல்லாத மாமியாரோடு இருக்கிற ஒருத்தி எதைச் சொல்லி அழுவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் நியாயமே நின்றது. என்னால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியவில்லை, அங்கே மூச்சு விடவும் முடியவில்லை.

என் படிப்புச் சான்றிதழ்கள் மாமியாருடைய பீரோவில், நகைகளோடு இருந்தன. கல்யாணமான புதிதில் 'பத்திரமா இருக்கட்டும்' என்று நானேதான் கொடுத்தேன். பீரோ சாவி அவர் இடுப்பில். கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் கேட்டால் எதற்கு என்று கேட்பார். அந்த 'எதுக்கு'க்குப் பயந்தே வருஷங்கள் போயின.

பௌர்ணமி வந்தால் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஜனம் நடக்கும். பாதையில் வண்டி விட மாட்டார்கள். ஆட்டோ கிடையாது, பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் கடைப் பலகைக்குப் பின்னால் நின்று தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுப்பேன். கல்யாணத்துக்கு முன் எப்போது தோன்றினாலும் தோழிகளோடு மலையைச் சுற்றியவள் நான். அந்தப் பாதையிலேயே குடிவந்த பிறகு ஒரு முறைகூடச் சுற்றவில்லை. சுற்றுகிறவர்களுக்குத் தாகத்துக்குக் கொடுக்க ஆள் வேண்டுமே.

இந்த நிலைமையில்தான் தங்கைக்கு வரன் வந்தது.

அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கம். திருவண்ணாமலையில் விதை, உரம் விற்கிற கடை வைத்திருந்தார். அப்பா இல்லை, அம்மா மட்டும். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்து, பிடித்தும் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அவள் திருவண்ணாமலையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. அப்பா சொன்னார்: "நிச்சயத்துல வேலையப் பத்தி நான் கேட்டுடறேன்."

"கேக்க வேணாம்ப்பா" என்றேன். "இந்தத் தடவ எழுதி வாங்கணும்."

அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே பிரியறதுக்கு ஏற்பாடு பண்றாங்கனு பேசுவாங்கம்மா ஊர்ல."

"நெலத்தக் குத்தகைக்கு விட்டா எழுதிக்கறோம். வீட்ட வாடகைக்கு விட்டா எழுதிக்கறோம். அதெல்லாம் சண்டை போடறதுக்கா எழுதறோம்?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று அம்மா குறுக்கே வந்தாள். "எழுதி வாங்காமத்தான் உன்னைக் கட்டிக் குடுத்தோம். உனக்கு இன்னாடி கொறை இப்போ?"

அம்மா உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

தங்கையிடம் போனில் சொன்னேன். "அவரு தப்பா எடுத்துப்பாரோக்கா?" என்றாள். தப்பாக எடுத்துக்கொண்டால் இப்போதே தெரிந்துவிடுமே என்றேன். "சரி, நீ எழுது. பாக்கலாம்" என்றாள். அப்படித்தான் எனக்குப் பல்வலி வந்தது.

வக்கீல் என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருந்த பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இது கோர்ட்டுல நிக்காதும்மா" என்றார். "நம்ம சட்டத்துல கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிக்கற ஒப்பந்தத்தைக் கோர்ட்டு பெருசா எடுத்துக்காது. பொண்ணுக்குப் போட்ட நகை பொண்ணுதுதான். அவ சம்பளம் அவளுது, அவ பேர்ல வாங்கின எடம் அவளுது. அதுக்கெல்லாம் நீங்க எழுதவே வேணாம், சட்டத்துலயே இருக்குது."

"வேலைக்குப் போறது?"

"வேலைக்குப் போகக் கூடாதுனு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல. ஆனா மாமியாருக்கு முடியல, கொழந்தையப் பாக்க ஆளு இல்லைனு சொன்னா, அதுக்கு எந்தக் கோர்ட்டு ஆர்டர் போடும்?"

என்னுடைய கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. தங்கைக்காக வந்ததாகத்தான் சொல்லியிருந்தேன். அவராகவே சரியான இடத்தில் விரலை வைத்தார்.

"அப்ப எழுதறதுல பிரயோஜனமே இல்லியா மேடம்?"

"எழுதிக்கங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, பின்னாடி நான் அப்படிச் சொல்லவே இல்லைனு சொல்ல முடியாது. அவ்வளவுதான் அதுக்கு பலம்."

எனக்கு அதுவே போதுமென்று தோன்றியது. 'பேச்சுக்குச் சொன்னது' என்று சொல்ல முடியாமல் போனால் போதும்.

அன்று மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். பெண் விரும்புகிறவரை வேலைக்குப் போவாள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், கடைக்கு ஆள் தேவைப்பட்டாலும், அவளை மட்டும் வேலையை விடச் சொல்லக் கூடாது. அவள் சான்றிதழ்களும் நகையும் அவளிடமே இருக்கும். அம்மா வீட்டுக்குப் போக அவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரியை எழுதும்போது மாமியார் கடையிலிருந்து, "இன்னாம்மா பண்ற உள்ள?" என்று குரல் கொடுத்தார். "பருப்பு வேகுது அத்த" என்றேன்.

தங்கை லீவில் வந்தபோது, ஆசிரமத்துக்குப் போய்விட்டு வருகிறோம் என்று மாமியாரிடம் சொல்லி என்னை அழைத்துப் போனாள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காருகிற ஒரு காபிக் கடையில் மாப்பிள்ளை காத்திருந்தார். தெரிந்தவர்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள் என்று தங்கைதான் இடம் சொல்லியிருந்தாள். பக்கத்து மேஜையில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றும் பேசாமல், ஆளுக்கொரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நிச்சயம் ஆவதற்கு முன்பே அவர் என்னை அண்ணி என்றுதான் கூப்பிட்டார். வக்கீலிடம் கேட்டுத்தான் எழுதினேன் என்று சொல்லித் தாளைக் கொடுத்தேன். அவசரப்படாமல் படித்தார். முகம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல அண்ணி" என்றார். "ஆனா எல்லாமே நான் இன்னா பண்ணக் கூடாதுங்கறதுதான் இருக்குது. நானும் ஒண்ணு எழுதிக்கட்டுமா?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பில் போடுகிற கையெழுத்தில் எழுதினார்: 'அம்மா எங்களுடன்தான் இருப்பார். தனிக்குடித்தனம் கேட்கக் கூடாது.' எழுதித் தங்கை பக்கம் நகர்த்தினார்.

அவள் அதைப் படித்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கு நைட் டூட்டி வரும். அப்ப அவங்கள யாரு பாத்துப்பா?"

"நான்."

"கடை?"

"சீக்கிரம் மூடிட்டு வந்துடுவேன்."

"அத எழுதுங்க."

எழுதினார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். விதைப்பு சமயத்தில் கடையில் வியாபாரம் ஜாஸ்தி, அப்போது என்ன செய்வது. குழந்தை பிறந்தால் யார் வீட்டில் வைத்துக்கொள்வது. அவள் சம்பளத்தில் எங்கள் அப்பாவுக்கு ஏதாவது கொடுக்கலாமா. நான் நினைத்தே பார்க்காதவை. சில இடங்களில் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. என்னை அவர்கள் மறந்தே போனார்கள். கல்யாணத்துக்கு முன் இப்படி ஒரு பேச்சை நான் யாரோடும் பேசியதில்லை. நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன் போனில் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வெள்ளந்தியாகக் கேட்டார். "உங்களுக்கு யாரு அண்ணி எழுதிக் குடுத்தாங்க?"

"எனக்குச் சபையில சொன்னாங்க" என்றேன்.

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்து அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

அன்று கையெழுத்து எதுவும் போடவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று பிரிந்தோம். அவர் ஒளிவு மறைவில்லாத ஆள்; வீட்டுக்குப் போய்த் தாளை அம்மாவிடம் காட்டிவிட்டார். அந்த அம்மா தன் தம்பிக்குப் போன் செய்ய, அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். 'உங்க சம்சாரம் வக்கீலுக்குப் படிச்சிருக்காங்களா?' என்று கேட்டாராம்.

அந்தப் போன் வந்த அன்று பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே பாதை நிரம்பிவிட்டது. என் வீட்டுக்காரர் கடைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார். அந்தக் கூட்டத்தில் சத்தம் போட முடியாது. அதனால் எங்கள் சண்டை முழுக்க வியாபாரத்துக்கு நடுவில், தணிந்த குரலில் நடந்தது.

"வக்கீல் வீட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"ஒரு தண்ணி பாட்டில் குடுங்கம்மா" என்று ஒருவர் கை நீட்டினார். கொடுத்தேன்.

"பல்லு வலின்னு சொன்னியே?"

"உண்மையச் சொன்னா விட்டிருப்பீங்களா?"

"ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மியா." மாமியார் டீ ஆற்றினார். அவர் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

"சான்றிதழ பூட்டி வெக்கக் கூடாது, காரணம் கேக்கக் கூடாதுனு எழுதியிருக்கியாமே. உன்னை நாங்க பூட்டி வெச்சிருக்கோம்னுதான அதுக்கு அர்த்தம்? அந்த மனுஷன் எங்கிட்ட அப்படித்தான் கேட்டாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

அப்போதுதான் மாமியார் டீ டம்ளர்களைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

"எம்புருஷன் சொன்ன வார்த்தைக்குப் பேப்பர் கேக்கறியா நீ? எனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க? சின்ன வயசுல இந்த அடுப்புகிட்ட கொண்டாந்து நிறுத்துனாங்க. அன்னிலேருந்து நின்னுட்டு இருக்கேன். நானும் இதே ஜனத்துக்குத்தான் டீ ஆத்திட்டு இருக்கேன். நீ மட்டும்தான் மாட்டிக்கிட்டனு நெனைக்கறியா?"

"அம்மா, கற்பூரம் இருக்குதா?" என்று ஒரு பாட்டியம்மாள் பலகையைத் தட்டினார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்குதும்மா, இந்தாங்க" என்றார்.

எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. வாசலில் கால் வைக்க இடமில்லை. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அடுத்த பெட்டியைப் பிரித்து, பாட்டில்களை எடுத்து அடுக்கினேன். இருட்டும்வரை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாமியார் சொன்னது என்னை விடவே இல்லை. எனக்கு எதிராக நிற்கிறார் என்று நான் நினைத்த மனுஷி, எனக்கு முன்னாலிருந்தே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அது தெரிந்ததில் எனக்கு ஆறுதல் வரவில்லை. வெளியே போகிற வழி இன்னும் கொஞ்சம் அடைந்ததுபோல்தான் இருந்தது. இனி அவரைக் கோபிக்கக்கூட முடியாது.

மாப்பிள்ளையின் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: தாள் இருந்தால் கல்யாணம் இல்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா எனக்குப் போன் செய்வதை நிறுத்தினாள். எல்லாரும் தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அடி அண்ணாமலைக்கு, என் வீட்டுக்கே வந்தாள். மொட்டை மாடியில் மிளகாய் காய வைத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"தாள் வேணாம்னு சொல்லிட்டேன்க்கா" என்றாள். "கோச்சுக்காத. நீ எழுதுனது எல்லாம் உன்னுது. என் சர்ட்டிபிகேட்ட யாரும் பூட்டல. வேலைய விடச் சொன்னா நான் விடவும் மாட்டேன். என் பயம் வேற."

"இன்னா பயம்?"

"அவங்க அம்மாதான். ராத்திரி டூட்டிக்குப் போனா இன்னா சொல்வாங்களோனு. அவங்கள யாரு பாத்துப்பானு கேட்டதுக்கு அவரே 'நான்'னு சொல்லிட்டாரு. சொல்றப்போ அவரு மூஞ்சியப் பாத்தேன். எனக்கு அது போதும்."

"எங்க மாமா சொல்றப்போ நானும் மூஞ்சியத்தான் பாத்தேன். எனக்கும் போதுமாத்தான் இருந்துச்சு."

அவள் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "தெரியும்" என்றாள் கடைசியில். "தெரிஞ்சுதான் போறேன்."

கல்யாணம் நடந்தது. நிச்சயத்தில் அப்பா எதுவும் கேட்கவில்லை, அவர்களும் எதுவும் சொல்லவில்லை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் சந்தனத்தை எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "ஏங்க, நான் வேலைக்குப் போறேன். காலைல மட்டுமாவது. அத நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போய்க்கோ" என்றார். "அம்மாகிட்ட நான் பேசறேன். ஆனா எழுதச் சொல்லாத. நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்?"

"நமக்குள்ள இருக்கறதாலதான் கேக்கறேன்."

"எழுதுனா, நான் உன்ன இத்தினி நாளு அடைச்சு வெச்சிருந்தேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். அது என்னால முடியாது."

அவர் அவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை மாமியார் பீரோவைத் திறந்து என் ஃபைலை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்கவில்லை.

பழைய லேபிலேயே போய் நின்றேன். நான் கண் வைத்துப் பார்த்த வேலையில் பாதியை இப்போது மெஷின் செய்கிறது. வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வர ஆள் வேண்டுமென்றார்கள், சேர்ந்துவிட்டேன். விடிந்ததும் கிளம்பி, ஆசிரமம் பக்கத்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வயசானவர்கள், டவுனில் சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று சுற்றிவிட்டு, மதியச் சமையலுக்குள் திரும்பிவிடுவேன். அதன் பிறகு கடை. பௌர்ணமிகளில் லேபுக்கு லீவு சொல்லிவிடுகிறேன். மாமியார் என்னோடு தேவையானது மட்டும் பேசுகிறார்.

தங்கை வீட்டில் மாப்பிள்ளை 'நான்' என்று சொன்னதைச் செய்கிறார். பல வாரங்களில் செய்கிறார். விதைப்பு சமயத்தில் கடையை மூட முடியாமல் போன நாட்களில், அவருடைய அம்மா தனியாக இருந்துவிட்டு, உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அழுதார். அதற்காகத் தங்கைக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்தது. 'நீங்க அன்னிக்கு எழுதுனீங்க' என்று இவள் சொல்ல, 'கையெழுத்தா போட்டேன்?' என்று அவர் கேட்டாராம். கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டுப்போய், அந்த வாரம் முழுக்கச் சீக்கிரம் வந்தாராம். சிரித்துக்கொண்டே தங்கை இதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களைப் போன்ற சாதாரண வீடுகளில் கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொள்வது தேவையா என்று கேட்டால், இப்போதும் எனக்கு நேரான பதில் தெரியாது. கோர்ட்டுக்காக என்றால் வேண்டாம். அங்கே அது நிற்காது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தக் காபிக் கடையில் அவர்கள் இரண்டு பேரும் குரல் உயர்த்திப் பேசியதை நான் பார்த்தேன். எழுதலாம் என்று உட்காராவிட்டால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. எனக்கும் அப்படி ஒரு மத்தியானம் கிடைத்திருந்தால், மாமனார் இல்லாமல் போனால் கடையை யார் பார்ப்பார்கள் என்று யாராவது ஒருவர் கேட்டிருப்போம். என்ன பதில் வந்திருக்கும் என்று தெரியாது. கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சொன்ன 'போய்க்கோ'வை வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் கிளம்புகிறேன். அது எந்தக் காலையிலும் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு வார்த்தை. மாமியாருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், மகளுக்கு அம்மை போட்டால் போதும். கிளம்பும்போது உள்ளே யாராவது இருமினால் என் கால் ஒரு நொடி நிற்கிறது.

போன வாரம் லேபில் கூப்பிட்டுச் சொன்னார்கள். உள்ளே டெக்னீஷியனாக இருந்த பெண் சென்னைக்குப் போகிறாளாம். அடுத்த மாசத்திலிருந்து நான் முழு நாள் வர முடியுமா என்று கேட்டார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.